கல்லுக்கு முகம் வைக்கும் முன்: ஊர்க் கோயில் திருப்பணிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்டத்து ஊர்களிலும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலும் கோயில் திருப்பணி செய்துகொண்டிருக்கின்ற, செய்யத் திட்டமிட்டிருக்கின்ற குழுவினருக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், பூசாரிகளுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் கோயிலின் கருவறையிலோ, வேம்பின் அடியிலோ, ஏரிக்கரையிலோ தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிற உருவமில்லாத கல்லையும், தேய்ந்துபோன நடுகல்லையும், பிள்ளையார் என்று கும்பிடப்படுகிற வழவழப்பான கற்கோடரியையும், மூக்கு உடைந்த பழைய சிற்பத்தையும் இந்தத் திருப்பணியில் பெயர்த்து எடுத்துவிடாதீர்கள். அவற்றின்மேல் சிமெண்ட் பூசிக் கண்ணும் மீசையும் வைக்காதீர்கள். எனாமல் பெயிண்ட் அடிக்காதீர்கள். மண்டபம் கட்டுங்கள், கோபுரம் எழுப்புங்கள், கோபுரத்தில் உங்கள் மனம் நிறையும்படி எத்தனை சுதைச் சிற்பங்களையும் வையுங்கள். ஆனால் எந்தக் கல்லுக்காக அந்தக் கோயில் எழுந்ததோ அந்தக் கல் இருந்தபடியே இருக்கட்டும்.

நான் பள்ளிகளில் ஓவியம் கற்பித்து ஓய்வுபெற்றவன். வாழப்பாடிப் பக்கமும் ஓமலூர்ப் பக்கமும் ஏற்காட்டு மலையிலும் பல ஊர்க் கோயில்களின் திருப்பணிக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரு பேச்சு வருகிறது: "எத்தனை நாளைக்குத்தான் வெறுங்கல்லைக் கும்பிட்டுக்கொண்டிருப்பது?" இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் திருப்பூரிலும் பெங்களூரிலும் உழைத்துச் சம்பாதித்த பணத்தை ஊர்ச்சாமிக்கென்று அனுப்பிவைக்கிற இளைஞர்கள். அவர்களுடைய பக்தியில் எனக்கு ஒரு துளி ஐயமும் இல்லை. அந்தக் கேள்விக்குள் இருக்கிற வெட்கம்தான் என்னை வருத்துகிறது. நம் முன்னோர் ஏழைகளாக, கைத்திறன் அறியாதவர்களாக இருந்ததால் கல்லோடு நின்றுவிட்டார்கள், வசதி வந்துவிட்ட நாம் அதை முழுமையாக்க வேண்டும் என்று அவர்கள் நம்புகிறார்கள். உலகத்தில் மக்கள் தெய்வத்தை எப்படியெல்லாம் உருவாக்கி வழிபட்டிருக்கிறார்கள் என்பதை ஆசிரியர் தொழிலுக்காகப் படிக்கத் தொடங்கி, பிறகு அதிலேயே ஊறிப்போனவன் என்ற முறையில், அந்த நம்பிக்கை தவறானது என்று உறுதியாகச் சொல்கிறேன்.

நம் மலையிலிருந்தே தொடங்குகிறேன். சேர்வராயன் மலையிலும், அதைப்போலவே கல்வராயன் மலையிலும் சவ்வாது மலையிலும், உழும்போதும் கிணறு வெட்டும்போதும் கிடைத்த புதிய கற்காலக் கோடரிகளை மலைமக்கள் கோயில்களிலும் மரத்தடிகளிலும் வைத்துப் பொட்டிட்டு வழிபட்டு வருகிறார்கள். உலோகம் பரவாத காலத்தில், மூவாயிரம் ஆண்டுகளுக்கும் முன்னால், கல்லைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துக் கூர்மையாக்கிய கருவிகள் அவை. 1863ஆம் ஆண்டு சென்னைக்கு அருகே பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்லியலில் ஒரு புதிய வழியைத் திறந்த ராபர்ட் புரூஸ் ஃபுட் பணி ஓய்வுக்குப் பின் வாழ்ந்தது ஏற்காட்டில்தான். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருடைய நினைவிடம் இருக்கிறது. கோயில்களில் கோடரிகள் வழிபடப்படுவதை அவர் காலத்து ஆய்வாளர்கள் அறிந்திருந்தார்கள். கைக்கு அடங்குகிற அந்தக் கல்லை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அது இருந்த இடத்தில் கிரானைட் பிள்ளையாரைப் பிரதிஷ்டை செய்த ஊர் ஒன்று எனக்குத் தெரியும். ஊரின் பெயரைச் சொல்லி யாரையும் புண்படுத்த நான் விரும்பவில்லை. ஓரமாக வைக்கப்பட்ட கோடரி இப்போது எங்கே என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

இதே கோடரி கடல் கடந்து இன்னொரு மக்களின் கருவறையிலும் இருக்கிறது என்பதை அந்த ஊர்க்காரர்கள் அறிந்திருந்தால் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய நைஜீரியாவில் வாழும் யொரூபா மக்களின் இடித் தெய்வம் சாங்கோ. மண்ணில் கிடைக்கும் புதிய கற்காலக் கோடரிகள் சாங்கோ வானிலிருந்து வீசியெறிந்த இடிக்கற்கள் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கவிழ்த்து வைத்த மர உரலின்மேல் ஒரு மரத்தட்டில் அந்தக் கற்களை வைத்து அவர்கள் பூசை செய்கிறார்கள். சாங்கோவின் பூசாரிகள் ஆடும்போது கையில் பிடிக்கிற மரக்கோலில் ஒரு பெண்ணுருவமும், அவள் தலைமேல் இருபுறமும் விரிகிற கோடரி வடிவமும் செதுக்கப்பட்டிருக்கும். மரச்சிற்பக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று உலகம் அதைக் கொண்டாடுகிறது. அதே யொரூபா மண்ணின் இஃபே நகரில், 1938ஆம் ஆண்டு வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட உலோகத் தலைகள் பல நூறு ஆண்டுகள் பழமையானவை. உதட்டின் மென்மை வரை வார்த்தெடுத்த அந்தத் தலைகளைப் பார்த்த ஐரோப்பியர்கள், ஆப்பிரிக்கர்கள் இதைச் செய்திருக்க முடியுமா என்று முதலில் நம்ப மறுத்தார்கள். அப்படி முகம் வார்க்கத் தெரிந்த மக்கள்தான் சாங்கோவின் பீடத்தில் முகமில்லாத கல்லை வைத்திருக்கிறார்கள். திறமைக் குறைவு அங்கே காரணமாக இருக்க முடியாது. நம் மலையிலும் அது காரணமில்லை என்றே நான் நினைக்கிறேன்.

சிற்பம் என்றதும் எல்லோரும் எடுத்துக்காட்டுகிற கிரேக்கர்களைப் பாருங்கள். ஏதென்ஸ் நகரின் குன்றின்மேல், பார்த்தெனான் கோயிலுக்குள், பொன்னாலும் தந்தத்தாலும் ஏறத்தாழ நாற்பது அடி உயரத்தில் அதீனா தேவியின் சிலையை ஃபிடியாஸ் என்ற சிற்பி செய்து முடித்தார், கி.மு. 438இல் அது நிறுவப்பட்டது. அந்தக் காலத்தின் வியப்பு அது. ஆனால் ஏதென்ஸ் மக்கள் பெருவிழா எடுத்து, தங்கள் பெண்கள் மாதக்கணக்கில் நெய்த புடவை போன்ற ஆடையை ஊர்வலமாகக் கொண்டுபோய்ச் சாத்தியது அந்தப் பொற்சிலைக்கு அல்ல. அதே குன்றில் இருந்த, ஒலிவ மரத்தால் ஆன, வானத்திலிருந்து விழுந்ததாக அவர்கள் நம்பிய ஒரு பழைய மரவுருவுக்குத்தான் சாத்தினார்கள். நாற்பது அடிச் சிலை நகரத்தின் பெருமையாக இருந்தது. நேர்த்திக்கடன் பழைய மரத்துக்கே போனது. இரண்டையும் வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒன்று வந்ததால் மற்றொன்றை அகற்ற வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை.

சைப்ரஸ் தீவின் பாஃபோஸ் இன்னும் தெளிவான சான்று. அழகின் தெய்வமான அஃப்ரோடைட்டியின் தலைமைக் கோயில் அங்கே இருந்தது. அவளை நிர்வாண அழகியாகச் செதுக்கிய பிராக்சிடலீஸ் சிற்பம் கினிடோஸ் நகரில் கி.மு. நான்காம் நூற்றாண்டிலேயே புகழ்பெற்றுவிட்டது. அதற்குப் பிறகும் பல நூறு ஆண்டுகள் பாஃபோஸ் கருவறையில் அவள் கூம்பு வடிவக் கல்லாகவே வழிபடப்பட்டாள். ரோமானியர் காலத்து நாணயங்களில் கோயிலும் அதன் நடுவே அந்தக் கூம்புக் கல்லும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்த இடத்தில் கிடைத்த கருங்கல் ஒன்று இன்று அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தைப் பார்த்தபோது நம்மூர் அம்மன் கோயில் ஒன்றில் எண்ணெய் தேய்த்து நிறுத்தியிருக்கிற கல் என்றே எனக்குத் தோன்றியது.

மலையே தெய்வம் என்று சொன்னால் சிரிப்பார்களோ என்று ஏற்காட்டு இளைஞர்கள் சிலர் தயங்குவதையும் கண்டிருக்கிறேன். ஜப்பானில், நாரா பகுதியில், ஓமிவா என்றொரு மிகப் பழைய கோயில் இருக்கிறது. அதில் மூலவர் சன்னதியே கிடையாது. மிவா மலைதான் மூலவர். மண்டபத்தில் நின்று மூன்று தோரண வாயில்களை இணைத்த ஒரு வாயிலின் வழியாக மலையை நோக்கிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். தொழில்நுட்பத்தில் உலகுக்கே முன்னோடியாக இருக்கும் ஒரு நாட்டில் இது இன்றும் நடக்கிறது. நம் சேர்வராயன் கோயில் கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலே ஒரு குறுகிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். மலைக்கு அவர் பெயர். வைகாசித் திருவிழாவில் மலைக் கிராமங்கள் எல்லாம் அங்கே கூடுகின்றன. குனிந்து போக வேண்டிய அந்த வழியும், ஈரம் கசியும் பாறையும், விளக்கு வெளிச்சத்தில் மட்டும் தெரிகிற உருவமும் சேர்ந்ததுதான் அந்தத் தெய்வத்தின் தோற்றம். குகைக் கோயில்களைத் திருத்த நினைக்கிற எவரும், டைல்ஸும் குழல்விளக்கும் அந்தத் தோற்றத்தின் எந்தப் பகுதியை அழிக்கும் என்று முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடுத்துச் சொல்லவிருப்பது நம் சேலம் நகரத்தின் நடுவிலேயே நிகழ்ந்தது. உங்கள் முடிவுகளோடு நேரடியாகத் தொடர்புடையது. பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பன் என்று மக்கள் நெடுங்காலம் வழிபட்ட ஒரு கற்சிலை இருக்கிறது. 2011இல் தொடரப்பட்ட வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் கேள்விக்குத் தொல்லியல் துறை அந்தச் சிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தது. தாமரைப் பீடத்தில் அரைப் பத்மாசனம், மடியில் தியான முத்திரையில் கைகள், சுருள் முடி, நீண்ட காது மடல்கள்: இது புத்தர் என்று அறிக்கை சொன்னது. துண்டிக்கப்பட்டிருந்த தலை பிற்காலத்தில் சிமெண்ட் கலவையால் ஒட்டப்பட்டிருந்ததையும் அது குறிப்பிட்டது. 2022ஆம் ஆண்டு ஜூலையில் அது புத்தர் சிலையே என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முனியப்பன் என்று நம்பிக் கும்பிட்டவர்களின் மனநிலையை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலைமுறைகளாக அந்தச் சிலைக்கு விளக்கேற்றி அதைக் காத்தவர்கள் அவர்கள்தான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். யாரோ ஒரு நல்லெண்ணக்காரர் அந்தச் சிலையின் முகத்தில் சிமெண்டால் முறுக்கு மீசை வைத்து, மடியில் இருந்த கைகளை மூடி அரிவாள் கொடுத்திருந்தால், இந்த மண்ணில் ஒரு காலத்தில் பௌத்தம் வாழ்ந்தது என்பதற்குச் சேலம் நகரில் இருக்கிற கல் சான்று நிரந்தரமாக மறைந்திருக்கும். ஆத்தூருக்கு அப்பால் தியாகனூரில் வயலும் மரமும் சூழ இருக்கும் புத்தர் சிலைகள் இன்றும் நமக்கு அப்படியே கிடைத்திருப்பதற்குக் காரணம், அவற்றைத் திருத்த யாரும் முனையவில்லை என்பதே.

புத்தரின் உருவமே பிந்தி வந்தது என்பதையும் இங்கே சேர்க்க வேண்டும். சாஞ்சியிலும் பார்ஹுத்திலும் தொடக்கக் காலச் சிற்பிகள் யானையை, மானை, யட்சியை, அரசனை, கூட்டத்தை எல்லாம் உயிர்த்துடிப்போடு செதுக்கிவிட்டு, புத்தர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஆசனத்தையும், பாதச் சுவடுகளையும், போதி மரத்தையும், சக்கரத்தையும் வைத்தார்கள். இதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். மனித வடிவில் புத்தர் காந்தாரத்திலும் மதுராவிலும் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டித்தான் பரவலாகத் தோன்றுகிறார். உருவம் வந்த பிறகும் தூபியும் போதி மரமும் பாதச் சுவடும் வழிபாட்டை இழக்கவில்லை.

சரி, முகம் வேண்டும் என்கிற ஆசைக்கு என்ன செய்வது? அந்த ஆசை நியாயமானது. கண்ணைப் பார்த்து அழ வேண்டும் என்று நினைக்கிற தாய்க்கு நான் தத்துவம் சொல்ல மாட்டேன். அந்த ஆசைக்கு நம் மரபு ஏற்கெனவே வழி செய்து வைத்திருக்கிறது. ஆடி மாதத்தில் சேலத்து மாரியம்மன் கோயில்களைச் சுற்றி வருகிற எவரும் அதைப் பார்க்கலாம். கல்லுக்குச் சந்தனக் காப்பில் முகம் எழுகிறது, வெள்ளிக் கண்மலர் பதிகிறது, கவசம் சாத்தப்படுகிறது, புடவை சுற்றி, எலுமிச்சை மாலை போட்டு, வேப்பிலை செருகியதும் அம்மன் நம்மைப் பார்க்கிறாள். மறுநாள் அபிஷேகத்தில் எல்லாம் களையப்பட்டு மீண்டும் கல். முகம் வந்து போகிறது, கல் இருக்கிறது. இந்த ஏற்பாட்டுக்கு உலகமெங்கும் உறவுகள் உண்டு. பழைய கிரேக்கப் பானை ஓவியங்களில் டயோனிசஸ் தெய்வம் ஒரு தூணாக நிற்கிறது. தூணில் தாடி வைத்த முகமூடியைக் கட்டி, துணி சுற்றி, இலைக் கொத்துகளைச் செருகி, அதன்முன் பெண்கள் மதுவை முகந்து ஊற்றுகிறார்கள். இமாச்சலத்தின் குல்லு தசராவில் ஊர்த் தெய்வங்கள் பல்லக்கில் வரும்போது, துணியின்மேல் வரிசையாக உலோக முகங்கள் பொருத்தப்பட்டிருக்கும். ரோமானியர்கள் கி.மு. 204இல் சின்ன ஆசியாவிலிருந்து (இன்றைய துருக்கி) மாதாவாகக் கொண்டுவந்து சேர்த்த சிபெல் தேவி ஒரு கருங்கல். பிற்கால எழுத்தாளர் ஒருவரின் குறிப்பின்படி, அவளுடைய சிலையில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் அந்தக் கரடுமுரடான கல்லையே பதித்திருந்தார்கள். கல்லுக்கு முகம் வைக்க அவர்கள் முனையவில்லை, சிலைக்குக் கல்லை முகமாக வைத்தார்கள். இந்தக் குறிப்பை முதன்முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம் சேலம் மறைமாவட்டத்தின் பேராலயம் குழந்தை இயேசுவின் பெயரில் இருக்கிறது. குழந்தை இயேசு பக்தி உலகெங்கும் பரவியது செக் நாட்டின் பிராக் நகரத்திலிருந்து. அங்கே ஒன்றரை அடி உயரத்துக்கு மெழுகு பூசிய ஒரு சுருவம் (திருச்சிலை), 1628இல் ஒரு சீமாட்டி கார்மல் சபைத் துறவிகளுக்குக் கொடுத்தது. அந்தச் சுருவத்தை யாரும் பெரிதாக்கவில்லை. திருநாளுக்குத் திருநாள் அங்கியை மாற்றுகிறார்கள். அங்கிகள் பல நாடுகளிலிருந்து காணிக்கையாக வந்து குவிந்திருக்கின்றன. மாரியம்மனுக்குப் புடவை எடுத்துப் போகிற நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. தெய்வத்துக்கு உருவமே கூடாது என்று தெளிந்து முடிவெடுத்த இஸ்லாமிய மரபில் எழுத்துக்கலையே பள்ளிவாசலின் அழகாகிறது. உருவமில்லாமை ஏழ்மை அல்ல என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

முகம் வேண்டும் என்ற ஆசைக்குச் சேலம் கண்ட இன்னொரு பெரிய வழி வண்டி வேடிக்கை. ஆடித் திருவிழாவில் நகரின் குகை என்ற பகுதியில் ஊர்மக்களே தெய்வ வேடம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் ஏறி வருகிறார்கள். அண்டை வீட்டுப் பையன் அன்று இரவு முருகன். கேரளத்தின் தெய்யமும் காட்மாண்டுவில் தெய்வமாக வழிபடப்படும் சிறுமியான குமாரியும் வேறு வேறு நம்பிக்கையில் நிற்பவை என்றாலும், மனித முகத்தில் தெய்வத்தைக் காண்கிற அந்தத் துணிவு ஒன்றே. திருப்பணிக்கு வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை வேடம் கட்டும் கலைஞர்களுக்கும் அலங்காரம் செய்பவர்களுக்கும் நீங்கள் ஒதுக்கினால், கல்லைத் தொடாமலே ஊரின் கண்களுக்கு விருந்து கிடைக்கும்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது சரியான மறுப்பும்கூட. பழையதை மாற்றுவதே தவறென்றால் பூரி ஜகந்நாதரை எப்படிப் புதுப்பிக்கிறார்கள்? ஆம், புதுப்பிக்கிறார்கள், கடைசியாக 2015இல் நடந்தது. சந்திர நாட்காட்டியில் ஆஷாட மாதம் இரண்டு முறை வருகிற ஆண்டில், குறிகள் பொருந்திய வேப்பமரத்தைத் தேடிக் கண்டு, பரம்பரைச் சேவகர்கள் புதிய உருவங்களைச் செய்து, கண்ணைக் கட்டிக்கொண்டு பழைய உருவத்துக்குள் இருக்கும் தத்துவப் பொருளைப் புதியதற்கு மாற்றி, பழைய உருவங்களைக் கோயில் வளாகத்திலேயே புதைக்கிறார்கள். ஆனால் இத்தனை நூற்றாண்டுகளில் அந்த வட்டக் கண்ணையும் முழுமையற்ற கையையும் ஒருவரும் அழகுபடுத்தவில்லை. ஜப்பானின் இசே கோயில் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுவதும் புதிதாகக் கட்டப்படுகிறது, கடைசியாக 2013இல். மரம் புதியது, அளவும் வடிவமும் பழையவை. நம் ஐயனாருக்கு எடுக்கிற மண்குதிரையும் இப்படித்தான். குயவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்கிறார். பழையவை தோப்பிலே உடைந்து மண்ணாகின்றன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் வாழும் ஸூனி பழங்குடியினர் தங்கள் காவல் தெய்வங்களின் மரவுருக்களை மலையிலுள்ள திறந்தவெளிக் கோயிலில் வைத்து, வெயிலிலும் மழையிலும் சிதையவிடுகிறார்கள். அப்படிச் சிதைவதுதான் அந்த உருக்களின் கடமை. அவற்றை எடுத்துப்போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாத்த அருங்காட்சியகங்களிடம் 1978 முதல் விடாமல் கேட்டு, பலவற்றைத் திரும்பப் பெற்று, மறுபடியும் வெயிலில் வைத்திருக்கிறார்கள். எனவே புதுப்பிப்பதற்கும் சிதையவிடுவதற்கும் ஒவ்வொரு மரபிலும் முறை உண்டு. உங்கள் ஊரின் முறை என்ன என்று உங்கள் பூசாரியும் மூத்த பெண்களும் சொல்வார்கள். ஒப்பந்தக்காரர் சொல்ல முடியாது.

சிமெண்டின்மேல் எனக்குப் பகை இல்லை. நைஜீரியாவில் ஓசோக்போ நகரின் ஓசுன் தேவி காட்டில், ஆஸ்திரியாவிலிருந்து வந்து அந்த மக்களோடு வாழ்ந்து அந்தத் தெய்வங்களின் பூசாரியாகவே ஆகிவிட்ட சூசன் வெங்கர், உள்ளூர்க் கொத்தனார்களோடும் தச்சர்களோடும் சேர்ந்து எழுப்பிய மாபெரும் உருவங்களில் பல சிமெண்டால் ஆனவை. 2005இல் அந்தக் காடு உலகப் பாரம்பரியச் சின்னமானது. பூசாரிகளோடு கலந்து, ஆற்றையும் மரத்தையும் தொடாமல், பழைய சன்னதியைச் சுற்றி எழுப்பினார்கள் என்பதே அதன் சிறப்பு. நம் பக்கத்தில் வாழப்பாடியை அடுத்த புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முருகன் 2022இல் குடமுழுக்குக் கண்டார். மலேசியாவின் பத்துமலையில் 2006இல் திறக்கப்பட்ட 140 அடி முருகனைச் செய்த ஸ்தபதியே இதையும் செய்தார். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கும்பிடுகிறார்கள், எனக்கும் மகிழ்ச்சியே. புதிய இடத்தில் புதிதாக எழுகிற உருவம் யாருடைய கல்லையும் விழுங்கவில்லை.

நான் அஞ்சுவது ஒரே முகம் எல்லா ஊருக்கும் வந்து சேர்வதைத்தான். இன்று நாம் இயல்பானது என்று நினைக்கிற தெய்வ முகம், ராஜா ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் வண்ணப்படங்களிலிருந்தும், பிறகு கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜு போன்ற பெரும் ஓவியர்களின் சிவகாசிக் காலண்டர்களிலிருந்தும் நம் கண்ணுக்குப் பழகியது. அந்த ஓவியங்களை நான் மதிக்கிறேன், வகுப்பறையில் அவற்றைக் காட்டியே கோடு கற்பித்திருக்கிறேன். காலண்டர் சுவரில் இருக்கும்வரை எந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் கைப்பேசியில் வந்த படத்தைக் காட்டி, "இதே மாதிரி செய்துவிடுங்கள்" என்று கொத்தனாரிடம் சொல்லும்போது, நூற்று முப்பது ஆண்டு வயதுள்ள முகம் பல நூறாண்டு வயதுள்ள கல்லின்மேல் ஏறி உட்காருகிறது. தெய்வ உருவம் செய்வதைப் பழைய உலகம் இவ்வளவு இலேசாகக் கருதியதில்லை. பாபிலோனில் சிலை முடிந்ததும், செய்த கைவினைஞர்களின் கைகளைத் துணியால் கட்டி, மரக்கத்தியால் வெட்டுவதுபோலப் பாவனை செய்து, "இதை நான் செய்யவில்லை, தச்சுத் தெய்வமே செய்தது" என்று சத்தியம் வாங்கினார்கள். இலங்கையில் புத்தருக்குக் கண் வரைபவர் நேரே பார்க்காமல் கண்ணாடியில் பார்த்தே வரைகிறார். ஜப்பானின் தோதாய்ஜி பெரும்புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து சென்ற போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் கட்டிய நீண்ட நூல்களைக் கூட்டத்தினர் பற்றிக்கொண்டிருந்தார்கள். நம் ஸ்தபதிகளின் கண் திறப்புச் சடங்கும் இந்த வரிசையில் வருவதே.

வண்ணம் பற்றிச் சுருக்கமாக. கோயிலில் வண்ணமே கூடாது என்பவர்களோடு நான் உடன்படவில்லை. வெண்மையாக நாம் காணும் கிரேக்கச் சிற்பங்களும் ஒரு காலத்தில் சிவப்பும் நீலமும் பூசியே நின்றன. சுதைக்கு வண்ணம் உரியது. கருங்கல் சிற்பத்துக்கு எனாமல் வேண்டாம்: கல்லின் நுண்கோடுகள் அடைபடுகின்றன, சில ஆண்டுகளில் செதிலாக உரிகிறது, உரிந்ததை நீக்க மணல் வீச்சுக்கும் அமிலத்துக்கும் போகிறார்கள், அதோடு உளி பட்ட மேற்பரப்பே போய்விடுகிறது. தாரமங்கலத்துத் தூண்களில் வாலியையும் சுக்ரீவனையும் ரதியையும் செதுக்கிய கை எத்தனை மெல்லிய கோடுகளை இழுத்திருக்கிறது என்பதைப் போய்ப் பாருங்கள், எதை இழக்கிறோம் என்பது அங்கே விளங்கும்.

இனி நான் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள்கள். பாலாலயம் செய்வதற்கு முன்பு கோயிலிலும் சுற்றிலும் இருக்கிற ஒவ்வொரு கல்லையும், வேலாயுதத்தையும், மண்ணுருவையும் நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவும் இருக்கும் இடமும் எழுதி, ஒரு படியை ஊரிலும் ஒரு படியை வெளியே நம்பிக்கையான ஓரிடத்திலும் வையுங்கள். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் ஆஸ்திரேலியாவிலிருந்து 2014இல் திரும்பி வர முடிந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திடம் இருந்த பழைய புகைப்படங்கள் பெரிதும் உதவின. எந்த ஊர்ச் சாமிக்கும் அப்படி ஒரு நாள் தேவைப்படலாம். அடித்தளம் தோண்டும்போது சிலையோ எழுத்துப் பொறித்த கல்லோ கிடைத்தால் வேலையை நிறுத்திக் கிராம நிர்வாக அலுவலருக்கும் வட்டாட்சியருக்கும் தெரிவியுங்கள். மண்ணுக்குள் கிடைப்பவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 முதல் சட்டம், நூறாண்டுக்குக் குறையாத சிற்பம் தொல்பொருள் என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம். நடுகல்லாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை அதற்குரிய படிகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. அத்தனை முறையோடு நடப்பட்ட ஒருவனை நாம் முறையில்லாமல் பிடுங்கலாகாது.

முகம் வேண்டும் என்று ஊர் ஒருமனதாகக் கேட்டால், கழற்றக்கூடிய கவசம் ஒன்றைச் செய்யுங்கள். உற்சவர் ஒன்றை உலோகத்தில் வார்த்துக் கொள்ளுங்கள். மூலக் கல்லைப் பற்றிய முடிவு எடுக்கும் கூட்டத்தில் பொங்கல் வைக்கும் பெண்களும், மாலை கட்டுபவர்களும், மலையில் என்றால் அந்தக் கல்லைத் தங்கள் பாட்டன் கண்டெடுத்ததாகச் சொல்லும் குடும்பத்தாரும் கட்டாயம் இருக்கட்டும். வசூல் கொடுத்தவர்களின் பெயர்ப் பலகையைக் கருவறை வாசலில் பதிக்காமல் மண்டபத்தில் பதியுங்கள்.

கவசத்துக்கு வரைபடம் வேண்டும் என்றாலும், கோயிலில் இருப்பவற்றைப் பதிவுசெய்ய ஆள் வேண்டும் என்றாலும், என்னிடம் படித்த ஓவிய மாணவர்கள் சிலர் கட்டணமின்றி வரத் தயாராக இருக்கிறார்கள். நானும் வருவேன். ஆடிக்கு முன் வேலையைத் தொடங்க நினைக்கும் ஊர்கள் சித்திரைக்குள் சொல்லிவிட்டால், கொத்தனார் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு கல்லையும் வரைந்தும் படமெடுத்தும் முடித்துவிடலாம்.

பணிவன்புடன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
சேலம்